திருவொற்றியூரில் என் பெயரில் படுத்திருந்தவர்

இந்த வலைப்பதிவில் இதுவரை அருவி, மலை, பழைய கோட்டை என்று போய்வந்த கதைகளைத்தான் எழுதியிருக்கிறேன். இந்த முறை சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அதனால் படங்கள் கிடையாது. வழக்கம்போல நேரம், கட்டணம், தூரம் எல்லாம் கொடுத்திருக்கிறேன். யாரும் இப்படி ஒரு பயணம் போகும்படி ஆகக் கூடாது. ஒருவேளை ஆகிவிட்டால் உதவட்டுமே என்றுதான்.

பதிவில் வரும் பெயர்கள் எதுவும் உண்மையில்லை, என் பெயரும் சேர்த்து. அப்படி என்ன பயம் என்று கேட்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுக் கேளுங்கள். என்னை செல்வகுமார் என்றும், அப்பாவை அர்த்தநாரி என்றும் வைத்துக்கொள்வோம். எங்கள் சேலம் பக்கம் தெருவுக்கு இரண்டு அர்த்தநாரி இருப்பார்கள். வடசென்னையில் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள். அப்பாவின் உண்மைப் பெயரும் அந்த வகைதான்.

2008 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம், வியாழக்கிழமை. எனக்கு ஓசூரில் வேலை. விடுப்பில் வந்து வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காலை பத்து மணிக்கு வீட்டு டெலிபோன் அடித்தது. அப்பா எடுத்தார். கேட்டுக்கொண்டிருந்தவர், திரும்பி என்னைப் பார்த்தார். முப்பது வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இருக்கிறேனா என்று சரிபார்க்கிற பார்வை அது.

"என் பையன் இங்கதாங்க உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கான்" என்றார்.

நான் ரிசீவரை வாங்கினேன். பேசியவர் எண்ணூரில் ஒரு ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர். டாங்குக்கு பெயின்ட் அடிக்கும்போது செல்வகுமார் என்ற ஊழியர் சாரத்திலிருந்து திங்கட்கிழமை விழுந்துவிட்டாராம். தலையில் அடி, நினைவு வரவில்லை, திருவொற்றியூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்களாம். அப்பா பெயர், பிறந்த தேதி, டிப்ளமோ பதிவு எண் எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தார். எல்லாம் என்னுடையவை. அது நான் இல்லை என்றேன்.

"பெத்த பையனை இல்லைன்றாரு அந்த ஆளு. இன்னா குடும்பம்பா நீங்க? ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு பேஜாரா கீதா?" என்று வைத்துவிட்டார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். என் சான்றிதழை வைத்து எவனோ வேலை பார்க்கிறான், இன்னும் என்னவெல்லாம் செய்தானோ என்ற பயமும் இருந்தது. அப்பா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கை கழுவிக்கொண்டே, "அந்தப் பையனோட வீட்டுக்கு யாருடா சொல்லுவாங்க? நம்ம நம்பரைத்தான வெச்சிருக்கான்" என்றார். அதற்கு மேல் வீட்டில் உட்கார முடியவில்லை. அவர் யாரென்று கண்டுபிடித்து அவருடைய ஆட்களிடம் சொல்ல வேண்டும். அவர் நான் இல்லை என்று தெரிந்த ஒரே குடும்பம் எங்களுடையதுதான்.

மறுநாள் வெள்ளி. கோவையிலிருந்து வரும் பகல் ரயில், சேலத்தில் காலை 8.50. முன்பதிவில்லாத பெட்டி, 87 ரூபாய். ஜோலார்பேட்டை வரை நின்றேன். சென்ட்ரலில் இறங்கியபோது மணி இரண்டு பத்து. பக்கத்திலேயே புறநகர் ரயில் நிலையம், கும்மிடிப்பூண்டி வண்டி, திருவொற்றியூருக்கு ஐந்து ரூபாய், இருபத்தைந்து நிமிடம். கொருக்குப்பேட்டை தாண்டியதும் ஜன்னல் கம்பியில் வைத்த கை கறுப்பாகிவிடும். உள்ளே தள்ளி உட்காருங்கள்.

ஸ்டேஷனிலிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோக்காரர் முப்பது ரூபாய் கேட்டார், கொடுத்தேன். இரண்டு கிலோமீட்டர்கூட இராது, ஆனால் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்ததால் நாற்பது நிமிடம் ஆனது. பெட்டிகளின் மேல் எழுத்தும் எண்ணும் மட்டும் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறதென்று ஓட்டுகிறவருக்கும் தெரியாது என்றார் ஆட்டோக்காரர்.

சிறிய தனியார் மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்வையாளர் நேரம் நாலரை முதல் ஐந்து. வாசலில் காவலாளி ஒரு நோட்டை நீட்டினார். நான் பழக்கத்தில் என் பெயரை எழுதினேன்.

"பேஷண்டு பேரு அடுத்த கட்டத்துல சார். இங்க உங்க பேரு."

"அது என் பேருதான்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். அடுத்த கட்டத்திலும் அதையே எழுதினேன். உறவு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. காலியாக விட்டேன்.

மூன்றாம் கட்டில். கால்மாட்டில் தொங்கிய தாளில் என் பெயர், என் வயது, அப்பாவின் பெயர். படுத்திருந்தவருக்கு என்னைவிட நிறம் கம்மி, உடம்பு ஒல்லி. தலை முழுக்கக் கட்டு, கன்னத்தில் நாலு நாள் தாடி. என்னைப் போல இருப்பாரோ என்று வழியெல்லாம் பயந்திருந்தேன். ஒரு சாயலும் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. சாயல் இல்லாமலேயே ஒருவர் நானாக இருந்திருக்கிறார், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

நர்ஸ் வந்து அவர் காதருகே குனிந்தார். "செல்வகுமார். செல்வகுமார், கண்ணத் தொறங்க" என்று உரக்கக் கூப்பிட்டார். என் வாயிலிருந்து "ம்" என்று வந்துவிட்டது. நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். கட்டிலில் எந்த அசைவும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இப்படிக் கூப்பிட்டுப் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டுமாம். அன்று காலையிலிருந்து குறித்ததெல்லாம் ஒரே மாதிரி இருந்தது.

இவர் வேறு ஆள், நான்தான் செல்வகுமார் என்று நர்ஸிடம் சொன்னேன். "அப்ப இவர் பேரு என்ன?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "தெரிஞ்சா வந்து சொல்லுங்க" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்று நெடுஞ்சாலையிலேயே ஒரு லாட்ஜில் தங்கினேன், 220 ரூபாய். கொசு இலவசம். அடையாள அட்டையின் நகல் கேட்டார்கள். நகலின் குறுக்கே "லாட்ஜ் அறைக்காக மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கொடுத்தேன். மேனேஜர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

சனிக்கிழமை காலை 7.10 ரயில், எண்ணூருக்கு ஐந்து ரூபாய், பதினைந்து நிமிடம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ ஆறு ரூபாய். பனியும் புகையும் சேர்ந்து எட்டு மணிக்கும் வெளிச்சம் முழுதாக வரவில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து வேலிச்செடிகள் எல்லாம் ஒரே நிறம். கண் எரியும், தண்ணீர் பாட்டில் அவசியம்.

ஒப்பந்தக்காரரின் பணியிடம் தகரச் சுவருக்குள் இருந்தது. கேட்டில் இருந்த காவலாளியிடம் ஒருவரைப் பற்றி விசாரிக்க வந்தேன் என்றதும் அலுத்துக்கொண்டார்.

"நீயும் அந்த தயாளனைத் தேடிகினு வந்தியா? மூணு நாளா ஒரு பொண்ணு வந்து உசுர வாங்குது. அப்டி ஒரு ஆளே இங்க கிடையாதும்மான்னா போவ மாட்டேங்குது."

இல்லை, செல்வகுமார் விஷயமாக வந்தேன் என்றேன். உள்ளே விட்டார். போனில் கத்திய சூப்பர்வைசர் நேரில் சாதுவாக இருந்தார். என் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினேன். அதையும் கோப்பில் இருந்த சான்றிதழ் நகலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தனக்குள் பேசுவது மாதிரி, "அதான்யா... இந்த பேட்ச்ல நாலு பேருக்கு ஒரே அப்பா பேரு. அண்ணன் தம்பின்னு நெனச்சேன். நாலு பேருக்கும் ஒரே நாள்ல பொறந்த நாளு. ஒரே பிரசவம் போலன்னு டீ சொல்லி குடிச்சோம்" என்றார்.

சிரிக்கலாம்தான். மற்றவர்களைப் பார்க்க வேண்டும் என்றேன்.

அந்த நால்வரில் மூவர் அன்று வேலையில் இருந்தார்கள். பாபு என்பவர் மட்டும் பேச வந்தார். விழுந்தவரின் அறைத்தோழர், ராயபுரத்துக்காரர்.

"எங்கப்பா பேரு பேப்பர்ல அர்த்தநாரி சார். நெசத்துல அந்தோணி. கல்மண்டபத்தாண்ட ஒரு பிரவுசிங் சென்டர் கீது. அங்கதான் பயோடேட்டா அடிச்சேன். பேரு மட்டும் மாத்து, வேற எதையும் தொடாதன்னாரு கடைக்காரரு. ஆனா செல்வம் நெசமான அர்த்தநாரி புள்ளதான் சார். சேலத்துக்காரன்."

"அவரே சொன்னாரா?"

"எப்ப பாத்தாலும் ஊர்க் கதைதான். அவங்கப்பா வூட்ல ரெண்டு தறி போட்டுகினு ஓட்றாராம். சத்தத்துல சின்ன வயசுல தூக்கமே வராதாம். அப்பறம் பழகிப்போய், தறி நின்னாதான் முழிப்பு வருமாம்."

அது எங்கள் வீட்டுத் தறி. என் பயோடேட்டாவில் தறி பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. தறி நின்றால் விழிப்பு வரும் என்பதை நான் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு நண்பனுக்கு எழுதியிருக்கிறேன். மெயிலில். பாபு பேசிக்கொண்டே போனார். ஏற்காடு பஸ்ஸில் நான் வாந்தி எடுத்தது, அம்மா இறந்த வருடம் தீபாவளி இல்லாமல் போனது. என் வாழ்க்கையை, நான் பார்த்தேயிராத ஒரு ஆள் சாம்பல் படிந்த தகரக் கொட்டகையில் நின்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை. அடுத்து என்ன சொல்வார் என்று கேட்டபடி நின்றேன்.

கல்மண்டபம் பிரவுசிங் சென்டர் எனக்கும் தெரியும். 2003இல் வேலை தேடி இரண்டு மாதம் வண்ணாரப்பேட்டையில் நண்பனின் அறையில் இருந்தபோது தினமும் அங்கேதான் போவேன். எண்ணூரிலிருந்து கடற்கரை ரயிலில் ராயபுரம் ஆறு ரூபாய், முப்பத்தைந்து நிமிடம், இறங்கிப் பத்து நிமிட நடை. பதினொன்றரைக்குக் கடை முன்னால் நின்றேன். அதே மஞ்சள் போர்டு, அதில் அதே பெரிய எழுத்தில் தொலைபேசி எண். அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் உறைத்தது. என் மெயில் பாஸ்வேர்டு அதுதான்.

மெயில் கணக்கு தொடங்கத் தெரியாதவர்களுக்கெல்லாம் கடைக்காரர் அண்ணாச்சிதான் தொடங்கிக் கொடுப்பார். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு, கடை போன் நம்பர். மறந்துவிட்டால் போர்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. எனக்கும் அப்படித்தான் தொடங்கினார். ஐந்து வருடமாக அதை நான் மாற்றவில்லை. டிப்ளமோ படித்தவன், ஓசூரில் மெஷினுக்கு புரோகிராம் போடுகிறவன், வீதியில் போர்டு மாட்டி வைத்த பாஸ்வேர்டோடு ஐந்து வருடம் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"எய்யா, நீயா? வா வா. உன்னய நினைக்காத நாள் கிடையாது. உன் பயோடேட்டாதான நம்ம கடைக்கே ராசி."

"என்ன ராசி, அண்ணாச்சி?"

"நீ அனுப்பி ஒரு வாரத்துல வேலை கிடைச்சு, கடைல எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தேல்லா? அன்னையிலருந்து யாரு வந்தாலும் அதையே எடுத்துக் கொடுக்கேன். பேரை மட்டும் மாத்து, மத்ததைத் தொட்டா ராசி போயிரும்னு சொல்லுவேன். எத்தனை பேருக்கு வேலை கிடைச்சிருக்கு தெரியுமா?"

அவர் முகத்தில் பெருமை. திட்ட வந்தவன், அதைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டேன். நாலாம் நம்பர் மெஷினில், முகப்புத் திரையிலேயே 'ராசி' என்ற கோப்புறை இருந்தது. திறந்தால் பதினேழு பயோடேட்டாக்கள். பதினேழு முகங்கள், எல்லார் அப்பாவும் அர்த்தநாரி, எல்லாரும் ஒரே நாளில் பிறந்தவர்கள், எல்லாருக்கும் பொழுதுபோக்கு கேரம். பக்கத்திலேயே என் டிப்ளமோ சான்றிதழ் ஸ்கேன். மறுநாள் வந்து இன்னொரு கம்பெனிக்கு அனுப்பலாம் என்று நான் விட்டுப்போனது. மறுநாள் நான் வரவில்லை.

பதினாறு பேர் பெயரை மாற்றியிருந்தார்கள். ஒருவர் மட்டும் மாற்றவில்லை, சான்றிதழும் வேண்டும் என்பதால் பெயரையும் அப்படியே வைத்துக்கொண்டார். படத்தில் இருந்தது மூன்றாம் கட்டிலில் பார்த்த முகம். கட்டு இல்லாமல், எண்ணெய் தடவிப் படிய வாரி, லேசாகச் சிரித்தபடி.

"இவரு யாரு அண்ணாச்சி?"

"வாரவன் போறவன் பேரெல்லாம் எங்க ஞாபகம்? நோட்டுல இருக்கும்."

கடைக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் பதிவேட்டைச் சொன்னார். அந்த ஒரு பயோடேட்டா கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரத்தைப் பார்த்தேன். போன வருடம் ஜூன், ஒரு செவ்வாய் மாலை 6.40. பழைய நோட்டுகளைப் புரட்டினோம். அந்தத் தேதியில் நாலாம் நம்பர் மெஷின், ஆறேகால் முதல் ஏழு வரை. கோணல் எழுத்தில் ஒரு பெயர்: தயாளன். கீழே புளியந்தோப்பில் ஒரு குடியிருப்பின் பிளாக் எண், வீட்டு எண்.

கேட்டில் மூன்று நாளாக ஒரு பெண் கேட்டுக்கொண்டு நின்ற பெயர். அவர் தேடிய ஆள் அங்கேதான் வேலை பார்த்தார். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று காவலாளி சொன்னதும் பொய்யில்லை.

புளியந்தோப்புக்கு ஆட்டோ அறுபது ரூபாய், நாலு கிலோமீட்டர். மூன்றாவது மாடி. கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சுமதி என்று பிறகு சொன்னார்.

"தயாளன் வீடுதானே?"

"அவரு இன்னும் வரல. யாரு நீ?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டார். "இன்னா ஆச்சு சொல்லுண்ணா. தெனம் ராத்திரி எதிர்க் கடைக்கு போன் பண்ணுவாரு. திங்கக்கெயமைலருந்து வரல. கேட்டாண்ட போயி கேட்டா அப்டி ஆளே இல்லன்றானுங்க."

உயிரோடு இருக்கிறார், மருத்துவமனையில் இருக்கிறார் என்று முதலில் சொன்னேன். அங்கே வேறு பெயரில் வேலை பார்த்தார் என்றேன்.

"இன்னா பேரு?"

"செல்வகுமார்."

"அது யாரு?"

"நான்தாம்மா."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

நாலரைக்கு மருத்துவமனையில் இருந்தோம். நோட்டில் நோயாளியின் பெயர் என்ற இடத்தில் அவர் தயாளன் என்று எழுதினார். அப்படி ஒரு பேஷண்டு இல்லையே என்றார் காவலாளி. அந்தப் பதிலை சுமதி நாலாவது முறையாகக் கேட்கிறார். நான் நோட்டை வாங்கி அதை அடித்து என் பெயரை எழுதினேன்.

கட்டிலருகே நின்று சுமதி அழவில்லை. குனிந்து, "தயா" என்றார். "தயா, நான் சுமதி வந்துக்கீறேன்."

போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த வலது கால் விரல்கள் மடங்கி விரிந்தன. இன்னொரு முறை கூப்பிட்டார். இமைகள் பாதி திறந்து, குரல் வந்த பக்கம் திரும்பின. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார். பெயரா குரலா, எதனால் என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். ஐந்து நாளாக மணிக்கு ஒரு முறை அவரை யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அந்த யாரோ நான்.

விஷயம் அதோடு முடியவில்லை. ஆறு மணிக்கு சூப்பர்வைசர் வந்தார். பெயரை மாற்ற வேண்டும் என்றதும் முகம் மாறியது. "பேரு மாறிச்சின்னா அவன் எங்க ஆளே இல்ல நைனா. தயாளன்னு ஒருத்தன் எங்ககிட்ட வேலை பாக்கல. வைத்தியம் அவன் பாடு." சுமதி என்னைத் தனியே அழைத்து, "அவரு எந்திரிக்கிற வரிக்கும் உம் பேரே இருக்கட்டும்ணா. உனுக்கு இன்னா கொறஞ்சிரப் போவுது?" என்று கேட்டார்.

கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? செத்தது செல்வகுமார் என்றுதான் எழுதுவார்கள். இந்தப் பெண் எந்தத் தாளிலும் யாருக்கும் மனைவி இல்லை. அதைச் சொன்னேன். அவர் சரி என்றார்.

ஞாயிறு காலை ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். என் ஆவணங்களை வைத்து வேலை பார்த்தவர் தயாளன், பணியிடத்தில் விழுந்தவர் அவர்தான், அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. சாட்சி வேண்டும். பாபுவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். வேலை போய்விடும் என்று தெரிந்தே வந்தார். பாபு, தகப்பனார் பெயர் அந்தோணி என்று நிறுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார். சூப்பர்வைசர் அதை இரண்டு முறை படித்தார். ஒரு நகல் போலீசுக்குப் போகும் என்று நான் சொன்ன பிறகு, வைத்தியம் நிற்காது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டுப் போனார். பாபுவை அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லையாம். சாரத்தில் ஏற ஆள் கிடைப்பது அங்கே கஷ்டம்.

இனி உங்களுக்கு. பிரவுசிங் சென்டரில் தொடங்கிய மெயில் என்றால் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள், ஆனால் அதே கடையில் உட்கார்ந்து மாற்றாதீர்கள். நான் ஓசூர் போய்த்தான் மாற்றினேன். வீட்டு நம்பர், பிறந்த தேதி, கடை நம்பர் எதுவும் பாஸ்வேர்டில் வேண்டாம். பயோடேட்டாவில் அப்பா பெயரும் பிறந்த தேதியும் எதற்கு? நேர்முகத்தில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். எழும்போது வெளியேறும் பொத்தானை அழுத்துங்கள், ஜன்னலை மூடினால் மட்டும் போதாது. முகப்புத் திரையில் விட்டதை அழியுங்கள், குப்பைத் தொட்டியிலிருந்தும் அழியுங்கள். ஸ்கேன் செய்த கடையில் மூலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறோம், கம்ப்யூட்டருக்குள் இருப்பதை யாரும் கேட்பதில்லை. ஜெராக்ஸ் நகல் கொடுத்தால் எதற்கென்று குறுக்கே எழுதுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. அண்ணாச்சியிடம் கெஞ்சி அந்தக் கோப்புறையை அழித்தேன். அவருக்கு மனசே இல்லை. எத்தனை பென் டிரைவில் போயிருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. பழைய மெயில்களை அழிக்கும்போது, என் கணக்கிலிருந்து என் பெயரில் தயாளன் எழுதிய கடிதங்களையும் படித்தேன். மரியாதையாக, பிழையில்லாமல் எழுதியிருந்தார்.

பதிவை இங்கே முடித்திருப்பேன். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு மறுபடியும் போனேன். தயாளனைப் பொது வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால்மாட்டுத் தாளில் தயாளன் என்று இருந்தது. டாக்டர் வந்து, தெளிவு எப்படி என்று பார்க்கப் பெயர் கேட்டார்.

"செல்வகுமார் சார்" என்றார்.

அப்பா பெயர் அர்த்தநாரி. பிறந்த தேதி, கல்லூரி, தேர்ச்சி பெற்ற வருடம், ஒன்றில்கூடத் திணறவில்லை. டாக்டர் தாளைப் பார்த்தார். சுமதி அவர் தோளில் கை வைத்து, "பரவால்ல, பேரு மாத்தியாச்சு. உம் பேர சொல்லு" என்றார். அவர் யோசித்தார். இவ்வளவு நேரம் ஆகக் கூடாதே என்று எனக்குப் பட்டது. கடைசியில் "தயாளன்" என்றார். அப்பா பெயரைக் கேட்டதும் சுமதியின் முகத்தைப் பார்த்தார்.

இன்னும் கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். பிறகுதான் தயாளன் என்னைக் கவனித்தார். "சார் யாரு?" என்றார். என் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. சேலத்திலிருந்து வந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நம்ம ஊரா சார்?" என்று நகர்ந்து உட்கார்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டார். "எந்தப் பக்கம்?"